குதிரைமேல் உட்கார்ந்திருப்பவர் யார்? வாசகர் கேள்வி, பெங்களூரிலிருந்து பதில்

போன இதழில் கப்பன் பார்க்கில் காலை நடை போவதைப் பற்றி எழுதும்போது, போகிற போக்கில் "கப்பன் துரை பழையதைக் கலைக்காமல் ஆண்ட மனிதர்" என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். வந்திருக்கிற கடிதங்களைப் பார்த்தால் நடையைப் பற்றி எழுதியதை ஒருவரும் படிக்கவில்லை போலிருக்கிறது, எல்லாருக்கும் அந்த ஒரு வரிதான் உறுத்தியிருக்கிறது. சரி, இந்த முறை முழுக்க அவரே.

கேள்வி (அல்சூர் வாசகி): பேரனைக் கூட்டிக்கொண்டு பார்க்குக்குப் போனேன். குதிரைமேல் இருக்கும் சிலையைக் காட்டி "பாட்டி, இவர் ராஜாவா?" என்று கேட்டான். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். தப்பா சார்?

பதில்: முழுத் தப்பு என்று சொல்ல மாட்டேன் அம்மா. மார்க் கப்பனுக்குப் பட்டம் ராஜா இல்லை, கமிஷனர். ஆனால் 1834 முதல் 1861 வரை மைசூர் ராஜ்யத்தில் கடைசி வார்த்தை அவருடையதுதான். உண்மையான ராஜா, மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார், மைசூர் அரண்மனையில் இருந்தார். தர்பார் உண்டு, தசரா உண்டு, மரியாதை எல்லாம் உண்டு. சாவி மட்டும் கையில் இல்லை.

அது எப்படிப் போனது என்றால், 1799-ல் திப்பு வீழ்ந்ததும் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் ஐந்து வயதுப் பிள்ளையான இந்த ராஜாவைச் சிம்மாசனத்தில் உட்காரவைத்து ஓர் உடன்படிக்கை எழுதிக்கொண்டார்கள். வருஷாவருஷம் இருபத்து நாலரை லட்சம் ரூபாய் கம்பெனிக்குக் கட்ட வேண்டும், நிர்வாகம் சரியில்லை என்று தோன்றினால் கம்பெனியே நாட்டை எடுத்துக்கொள்ளலாம், இந்த இரண்டும் அதில் இருந்தன. 1811 வரை பூர்ணையா திவானாக இருந்து கஜானாவை நிரப்பி வைத்தார். அப்புறம் ராஜாவே நேரில் ஆள ஆரம்பித்தார், பணம் கரைந்தது. கரைந்த பணத்தைத் திரும்பப் பிடிக்க "சர்த்து" என்று ஒரு முறை வந்தது. இந்தத் தாலுகாவிலிருந்து இவ்வளவு பணம் நிச்சயம் கட்டுகிறேன் என்று தாலுகா அதிகாரியான அமில்தார் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவன் ரயத்தை (விவசாயியை) என்ன பாடு படுத்துவான் என்று நான் விளக்க வேண்டாம். 1830-ல் ஷிமோகா பக்கம் 'நகர்' என்கிற பகுதியில் விவசாயிகள் கூட்டம் கூட்டமாகத் திரண்டு கிளம்பினார்கள். அதைச் சாக்காக வைத்து 1831-ல் கவர்னர் ஜெனரல் பென்டிங்க் நாட்டை எடுத்துக்கொண்டார். தலைமையிடமும் மைசூரிலிருந்து பெங்களூருக்கு வந்துவிட்டது.

இதில் ஒரு வேடிக்கை. கலகம் ஏன் வந்தது என்று விசாரிக்க நான்கு பேர் கொண்ட குழுவை பென்டிங்க் போட்டார். அந்த நால்வரில் கப்பனும் ஒருவர். ராஜாமேல் சொன்ன குற்றங்கள் மிகைப்படுத்தப்பட்டவை என்கிற தொனியில்தான் 1833-ல் அவர்கள் அறிக்கை கொடுத்தார்கள். அடுத்த வருஷமே அதில் கையெழுத்துப் போட்டவர் ராஜாவின் அதிகாரத்தில் வந்து உட்கார்ந்தார்.

கேள்வி (மல்லேஸ்வரம், ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி): "பழையதைக் கலைக்காமல்" என்று சுலபமாக எழுதிவிட்டீர்கள். அது ஒரு கொள்கையா, சோம்பேறித்தனமா?

பதில்: நல்ல கேள்வி. இரண்டும் ஒரே மாதிரிதான் வெளியே தெரியும், அதனால் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும்.

புது மருமகள் வந்த முதல் வாரமே அஞ்சறைப் பெட்டியில் கடுகு இருந்த இடத்தில் சீரகத்தையும் சீரகம் இருந்த இடத்தில் வெந்தயத்தையும் போட்டு வைத்தால் வீட்டில் என்ன நடக்கும்? சென்னை ராஜதானியில் கம்பெனி அதைத்தான் பண்ணிக்கொண்டிருந்தது. கலெக்டர், ஜட்ஜ், சட்டப் புத்தகம், ஜமீன், ரயத்துவாரி என்று மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள். மைசூருக்குச் சொல்லப்பட்டது வேறு. உள்ளூர் முறை அப்படியே இருக்கட்டும், வெள்ளைக்கார அதிகாரிகள் எண்ணிச் சொல்லும்படி இருந்தால் போதும். இந்த உத்தரவு கப்பனுடையதல்ல, மேலிருந்து வந்தது. ஆனால் மேலிருந்து வருகிற எத்தனையோ உத்தரவு காகிதத்தோடு போய்விடும். இவர் இருபத்தேழு வருஷம் அதைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

நாட்டை பெங்களூர், சித்ரதுர்கா, நகர், அஷ்டகிராம் என்று நான்கு பிரிவாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வெள்ளைக்கார சூப்பரிண்டெண்டென்ட். அவருக்குக் கீழே எல்லாரும் நம்மவர்கள்தான். தாலுகாவுக்கு அமில்தார், அவருக்குக் கீழே சேகதார், ஊரில் பட்டேலும் சானபோகரும் (நம் பக்கத்துக் கணக்குப்பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள்). வழக்கு என்றால் பஞ்சாயத்தை உட்காரவைத்துக் கேட்கிற பழக்கத்தை அவர் விடவில்லை. மேல் நீதிமன்றத்துக்கு ஹுஜூர் அதாலத் என்று பெயர், அதில் இந்திய நீதிபதிகள் உட்கார்ந்தார்கள். தபாலுக்கு "அஞ்சே" என்று ராஜ்யத்தின் சொந்த ஏற்பாடு, சிக்கதேவராஜ உடையார் காலத்திலிருந்து ஓடிக்கொண்டிருந்தது, கடிதத்தோடு ஊர் வம்பையும் ஒற்றுச் செய்தியையும் சேர்த்தே கொண்டுவரும். அதையும் அவர் தொடவில்லை. நாம் இன்றைக்கு "அஞ்சல்" என்று சொல்கிறோமே, அந்தச் சொல்லின் கூடப்பிறந்ததுதான்.

அலுவலகம் என்று புதிதாக எதுவும் கட்டவில்லை. கோட்டைப் பக்கம் திப்புவின் அரண்மனை இருக்கிறதே, கலாசிபாளையம் போகிற வழியில், அந்த மரத்தூண்களுக்கு நடுவில்தான் கச்சேரி, அதாவது சர்க்கார் அலுவலகம், நடந்தது. 1868 வரைக்கும் அங்கேதான். இப்போது அங்கே டிக்கெட் எடுத்துக்கொண்டு போய் மாடத்தில் நின்று படம் எடுக்கிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ.

ஆக சோம்பேறித்தனம் இல்லை. எங்கே கை வைக்க வேண்டும் என்று நினைத்தாரோ அங்கே வைத்தார். சர்த்து முறை ஒழிந்தது. வரியை ஐந்து தவணையாக, அறுவடைக் காலத்தை ஒட்டிக் கட்டலாம் என்று ஆக்கினார். இதைப் படிக்கும்போது சாதாரணமாகத் தெரியும், ஆனால் நெல் வயலில் நிற்கும்போதே வரி கேட்டால் ரயத்து வட்டிக்குக் கொடுக்கிற சாவ்கார் வீட்டுக்குத்தான் போவான், போனவன் திரும்பி வரமாட்டான். அறுவடையான பிறகு கேட்டால் விற்றுக் கட்டுவான். ஒரு ரூபாய்கூடக் குறைக்காமல் தேதியை மட்டும் நகர்த்தினாலே ஒரு குடும்பம் பிழைக்கும். விளைச்சலில் பங்கு என்று களத்துமேட்டில் சர்க்கார் ஆள் வந்து உட்காருகிற பழக்கத்தையும் கூடியவரை பணமாக மாற்றினார்.

குறை என்னவென்றால், எல்லாம் ஒரு மனிதரின் தலைக்குள் இருந்தது. வரி வசூலிப்பவரும் சூப்பரிண்டெண்டென்ட், தண்டிப்பவரும் அவரே, சிவில் வழக்குக்கும் அவரே, அவர்களுக்கெல்லாம் மேலே கப்பன். ஹுஜூரில் (கமிஷனர் கச்சேரியில்) மனு கொடுத்தால் நியாயம் கிடைக்கும் என்று மக்கள் நம்பினார்கள் என்பது உண்மையாகவே இருக்கட்டும், அது ஆளை நம்பிய நம்பிக்கை. நான் போன மாதம் ஒரு காகிதத்தில் ஒரு முத்திரைக்காக ஓர் அலுவலகத்துக்கு மூன்று தரம் நடந்தேன். "அந்த சார் லீவு" என்பதுதான் மூன்று தரமும் பதில். அந்த சார் ஒருவர் நல்லவராக இருந்து என்ன பயன். கல்கத்தாவிலிருந்த மேலிடத்துக்கும் இந்தக் கவலை இருந்திருக்கிறது. 1856-ல் நீதித் துறைக்கென்று தனியாக ஒரு ஜுடிஷியல் கமிஷனரைப் போட்டார்கள்.

கேள்வி (ஜெயநகர்): கப்பன் நூற்றுக்கணக்கான வரிகளை ரத்து செய்தார் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. நம்பலாமா?

பதில்: வாட்ஸ்அப்பில் வந்ததும் அபூர்வமாக உண்மையாக இருப்பதுண்டு. 769 சில்லறை வரிகள். பழைய மைசூர் கெஜட்டியரில் இருக்கிறது. கல்யாணத்துக்கு வரி, குழந்தை பிறந்தால் வரி, பெயர் வைத்தால் வரி, அந்தக் குழந்தைக்கு மொட்டை அடித்தால் அதற்கும் ஒரு வரி. ஓர் ஊரார் எதற்கு வரி கட்டினார்கள் தெரியுமா, எப்போதோ ஒரு பாளையக்காரனின் குதிரை காணாமல் போனபோது அவர்களுடைய முன்னோர் அதைக் கண்டுபிடித்துக் கொடுக்கவில்லையாம், அதற்கு! நகர் பக்கத்தில் ஓரிடத்தைத் தாண்டும்போது இரண்டு கையையும் உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு நடக்காதவர்களுக்கும் வரி. வீசி நடந்தால் காசு.

சிரிப்பு வருகிறது, ஆனால் எனக்கு இதில் வேறொன்று தோன்றும். இந்த 769-லும் கஜானாவுக்கு வந்ததைவிட வழியில் நின்றவன் மடியில் விழுந்தது எவ்வளவு இருந்திருக்கும்? ஒவ்வொரு வரியும் ஒரு கை நீட்டுவதற்கு ஒரு காரணம். வரியை எடுத்துவிட்டால் அந்தக் கைக்கு வேலை இல்லை.

கேள்வி (கே.ஜி.எஃப்.): எந்த மொழியில் ஆட்சி நடத்தினார்? ஆங்கிலமா?

பதில்: கச்சேரி நடந்தது கன்னடத்திலும் மராத்தியிலும். கன்னடம் சரி, மராத்தி எங்கிருந்து வந்தது என்றால், பூர்ணையா காலத்திலிருந்தே கணக்கும் கடுதாசியும் மராத்தி பேசும் தேசஸ்த பிராமணர்களின் கையில் இருந்தன, அவர்களோடு அவர்கள் மொழியும் அதை வேகமாக எழுதுகிற 'மோடி' என்ற எழுத்து முறையும் உட்கார்ந்திருந்தன. "பழையதைக் கலைக்காதே" என்கிற கொள்கையின் மறுபக்கம் இதுதான். நல்லதைக் கலைக்காமல் விட்டால், கச்சேரியைப் பரம்பரைச் சொத்துபோல் பிடித்துக்கொண்டிருந்த சிலரையும் கலைக்காமல் விட்டதாக ஆகிவிடும். கன்னட ரயத்து தன் நிலத்துக் கணக்கைப் படிக்க இன்னொருவரை நம்ப வேண்டியிருந்தது.

கேள்வி (ஒயிட்ஃபீல்டு, ஐ.டி. ஊழியர்): வெள்ளைக்காரனுக்கு இவ்வளவு நல்ல வார்த்தையா? அவர் யாருக்காக வேலை செய்தார் என்று எழுத மாட்டீர்களா?

பதில்: எழுதுகிறேன் தம்பி, கோபம் நியாயமானது.

என் பெரியப்பா ஒரு வேடிக்கை சொல்வார்: கப்பம் வாங்கினவனுக்குக் கப்பன் என்று பெயர் வைத்தது யாரோ விவரமான ஆள்தான் என்று. பெயர் தற்செயல், கப்பம் தற்செயல் இல்லை. நாட்டின் வருமானத்தில் முதலில் எடுத்து வைக்கப்பட்டது கம்பெனியின் இருபத்து நாலரை லட்சம். ராஜா இருந்தாலும் கமிஷனர் இருந்தாலும், மழை பெய்தாலும் பொய்த்தாலும் அது போயாக வேண்டும். அப்புறம் ராஜாவுக்கு வருஷம் மூன்றரை லட்சமும் நிகர வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கும். மீதியில்தான் சாலை, சம்பளம் எல்லாம். கப்பன் காலத்தில் வருமானம் ஏறக்குறைய இரண்டு மடங்கானது, பழைய கடனும் அடைந்தது. இரண்டுமே மைசூர் ரயத்தின் பணம். ஒரு நல்ல காரியஸ்தனை வைத்தால் பண்ணைக்காரனுக்கு வரவேண்டியது காலத்துக்கு வந்துவிடும், குத்தகைக்காரனும் அவ்வளவாக அழமாட்டான். கப்பன் அப்படிப்பட்ட காரியஸ்தன். பண்ணை யாருடையது என்ற கேள்வியை அவரிடம் கேட்டுப் பயனில்லை.

ஆனால் சாலையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 1597 மைல் சாலையும் 309 பாலமும் அவர் காலத்தில் போட்டவை. சாலை போட்டது பட்டாளமும் தபாலும் போகத்தான் என்பீர்கள், ஒப்புக்கொள்கிறேன். போட்ட சாலையில் வண்டி மாடும் போகும் அல்லவா? மலைநாட்டுக் காபியும் பாக்கும் கீழே இறங்கியது அந்தத் தடங்களில்தான். அதே மாதிரி காபி விளைச்சலில் சர்க்கார் பாதியைக் கொண்டுபோகிற பழைய முறையை மாற்றி மணங்குக்கு இவ்வளவு என்று வைத்ததும் அவர் காலத்தில்தான். அந்தக் காபியைக் குடித்துவிட்டுத்தான் நானும் அவரைத் திட்ட உட்காருகிறேன்.

கேள்வி (சிவாஜிநகர்): அந்தக் காலத்தில் நம் ஆட்கள் இங்கே இருந்தார்களா சார்?

பதில்: என்ன இப்படிக் கேட்டுவிட்டீர்கள், தண்டு மாரியம்மன் உங்கள் தெருவுக்குப் பக்கத்தில்தானே இருக்கிறாள். தண்டு என்றால் பட்டாளம். 1809-ல் பட்டாளத்துக்கென்று கண்டோன்மென்ட் வந்தது. அது சென்னைப் பட்டாளம், ஆகவே சிப்பாயும், அவனோடு கொத்தனார், வண்ணார், சமையல்காரர், கடைக்காரர் என்று ஆற்காட்டிலிருந்தும் வேலூரிலிருந்தும் பின்னாலேயே நடந்து வந்தார்கள். கப்பனே 1800-ல் சென்னைப் பட்டாளத்தில் சேர்ந்து வந்தவர்தான். அவர் கமிஷனரான அதே 1834-ல்தான் மெட்ராஸ் சேப்பர்ஸ் என்கிற பொறியாளர் படையும் பெங்களூருக்கு வந்தது, இன்றைக்கும் அல்சூர் ஏரிக்கரையில் இருக்கிறது. அந்தப் படையில் சிப்பாய்க்குச் செல்லப் பெயரே "தம்பி".

ஆனால் ஒன்று, கண்டோன்மென்ட் தமிழனுக்குக் கப்பனின் "பழையதைக் கலைக்காதே" அவ்வளவாகப் பொருந்தாது. பேட்டை என்கிற பழைய ஊருக்குத்தான் பழையது இருந்தது, தண்டில் எல்லாமே புதுசு. கப்பனுக்குப் பிறகு 1862-ல் வந்த பவுரிங் துரை நிர்வாகத்தை எட்டு ஜில்லாவாகப் பிரித்து, துறை துறையாக அடுக்கி, கச்சேரியைத் திப்பு அரண்மனையிலிருந்து புதுக் கட்டடத்துக்கு மாற்றினார். அதுதான் சிவப்பு அட்டாரா கச்சேரி, இன்றைய உயர்நீதிமன்றம். அட்டாரா என்றால் பதினெட்டு, பதினெட்டு இலாகா. ஒப்பந்தம் எடுத்துக் கட்டியவர் ஆற்காடு நாராயணசாமி முதலியார். அவர் பணத்தில் தொடங்கிய பள்ளி இன்னும் நடக்கிறது, என் மாமன் பிள்ளைகள் இரண்டு பேர் அங்கே படித்தவர்கள்.

கேள்வி (ஓசூர்): மைசூர் ராஜ்யத்தைக் கம்பெனி விழுங்காமல் காப்பாற்றியது கப்பன்தான் என்று ஒரு பேராசிரியர் பேசக் கேட்டேன். அப்படியா?

பதில்: "தான்" என்பதை எடுத்துவிட்டால் சரி. காப்பாற்றியதில் முதல் பங்கு கிருஷ்ணராஜ உடையாருக்கு. அவர் விடாமல் மனு எழுதினார், ஒன்று போனால் இன்னொன்று, சாகும்வரை. கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி காலத்தில் வாரிசு இல்லாத ராஜ்யங்களையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தபோது மைசூர் ராஜாவுக்கும் பிள்ளை இல்லை, யோசித்துப் பாருங்கள் அந்த மனிதரின் நிலையை. 1857-ல் வடக்கே தீ எரிந்தபோது மைசூர் அமைதியாக இருந்தது, அதில் ராஜா கம்பெனிக்குக் கொடுத்த ஒத்துழைப்பு பிற்பாடு அவருக்கே கைகொடுத்தது.

கப்பன் வருவது 1860-ல். மைசூரைச் சென்னை சர்க்காருக்குக் கீழே வைக்கலாம் என்று லண்டனில் முடிவு பண்ணினார்கள். ராஜா எதிர்த்தார். கப்பனும் ராஜினாமா கடிதத்தை நீட்டினார். கவர்னர் ஜெனரல் கானிங் அந்த மாற்றத்தை நிறுத்திவைத்தார். இரண்டு பேரும் ஒரே பக்கம் நின்றது அப்போதுதான், இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஒருவர் அதிகாரத்தை இன்னொருவர் வைத்துக்கொண்டிருந்த பிறகு. ராஜாவுக்கு அது தன் நாடு என்கிற வலி. கப்பனுக்கு? சென்னைக்குக் கீழே போனால் கலெக்டர், ரெவின்யூ போர்டு எல்லாம் வரும், அஞ்சறைப் பெட்டி கலைந்துவிடும். தன் கைப்பிடியும் போய்விடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அவர் ஒன்றும் துறவி இல்லை.

ராஜா 1865-ல் ஒரு பிள்ளையைச் சுவீகாரம் எடுத்தார், பிரிட்டிஷார் 1867-ல் ஒப்புக்கொண்டார்கள், 1868-ல் ராஜா போய்விட்டார். அந்தப் பிள்ளை சாமராஜேந்திர உடையார் பெரியவனானதும் 1881-ல் ராஜ்யம் திரும்பக் கிடைத்தது. திருப்பிக் கொடுக்கும்போது வருஷக் கப்பத்தை முப்பத்தைந்து லட்சமாக உயர்த்தி எழுதிக்கொண்டார்கள் என்பதையும் ஒயிட்ஃபீல்டு தம்பிக்காகச் சேர்த்து எழுதுகிறேன்.

கேள்வி (ஸ்ரீராமபுரம்): கப்பன் கடைசியில் என்ன ஆனார்? சிலையை ஏன் இடம் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்?

பதில்: 1861-ல் பதவியை விட்டு ஊருக்குக் கிளம்பினார். அறுபத்தோரு வருஷம் இந்தியாவிலேயே இருந்துவிட்ட மனிதர், கல்யாணமும் பண்ணிக்கொள்ளவில்லை. ஊர் போய்ச் சேரவில்லை, சூயஸில் ஏப்ரல் மாதம் இறந்துபோனார்.

சிலை 1866-ல் வந்தது. முதலில் பரேடு மைதானத்தில், அப்புறம் அட்டாரா கச்சேரி முன்னால், 2020-ல் அங்கிருந்து எடுத்துப் பார்க்குக்கு உள்ளே. பெயர் கப்பன் பார்க் என்றாலும் அதை அவர் பார்த்ததில்லை, அவர் இறந்து ஒன்பது வருஷம் கழித்து 1870-ல் சாங்கி என்ற பொறியாளர் போட்டது. 1927-லிருந்து அதற்கு அரசாங்கப் பெயர் ஸ்ரீ சாமராஜேந்திரா பார்க், ஆட்டோக்காரரிடம் அந்தப் பெயரைச் சொல்லிப் பார்க்க வேண்டாம்.

அல்சூர் அம்மாவுக்கு: சாமராஜேந்திரருக்கும் அதே பார்க்கில் சிலை இருக்கிறது. அடுத்த முறை பேரனை அங்கே கூட்டிப்போங்கள், ராஜா என்று தைரியமாகச் சொல்லலாம்.